நோரா இட்ட கையெழுத்து

உலக நாடக வரலாற்றிலே 1879ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துக்குத் தனி இடமுண்டு. அம்மாதம் 4ஆம் திகதி டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் ஒரு நாடகம் நூலாக வெளிவந்தது. நோர்வே நாட்டவரான ஹென்ரிக் இப்சன் எழுதிய ‘பொம்மை வீடு’ என்பதே அந்நாடகம். அச்சிட்ட 8,000 பிரதிகளும் ஒரு மாதத்துக்குள் தீர்ந்துபோயின. 21ஆம் திகதி அந்நகரின் அரச அரங்கிலே அது முதன்முதலாக மேடையேறியது. அடுத்த மாதமே ஸ்ரொக்ஹோமிலும், அப்போது கிறிஸ்டியானியா என வழங்கிய ஒஸ்லோவிலும், பேர்கனிலும் அரங்கேறியது. அந்த மாரிகாலத்தில் விருந்துக்கு அழைத்தவர்கள், தயவுசெய்து இந்த நாடகத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அழைப்பிதழிலேயே குறிப்பிட்டு அனுப்பினார்கள் என்றொரு கதை ஸ்கண்டிநேவியாவில் உண்டு. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் விருந்து சண்டையில் முடிந்துவிடும் என்ற பயம்.

நாடகத்தின் இறுதியில் மூன்று பிள்ளைகளின் தாயான ஒரு மனைவி வீட்டை விட்டு வெளியேறுகிறாள். கீழே தெருக்கதவு சாத்தப்படும் ஓசையோடு திரை விழுகிறது. கடந்த 140 ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அந்தக் கதவைப் பற்றியே பெரும்பாலும் பேசி வந்திருக்கிறது. இக்கட்டுரையில் அந்தக் கதவுக்கு முன்னால் வருகின்ற ஒரு கையெழுத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இலண்டன் யங் விக் அரங்கின் மேடையேற்றத்தைப் படம்பிடித்த பதிவை அண்மையில் மீண்டும் பார்த்தபோது, என் கண் நின்ற இடம் அதுதான். நான் நாடகம் படித்தவள் அல்ல. விஞ்ஞானப் பிரிவிலே படித்து வைத்தியரானவள். ஆனாலும் எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரிலே, மணமான பெண்களும் மணமாகாத பெண்களும் தாயரும் பேத்தியரும் சேர்ந்து வாசிக்கப்போகும் மலரிலே, இந்த வரலாற்றுக்கு ஓர் இடம் இருக்கிறது என்றே எண்ணுகிறேன்.

கதையும் கடன்பத்திரமும்

கதையை மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோராவுக்குத் திருமணமாகி எட்டு ஆண்டுகள். கணவன் டோர்வால்ட் ஹெல்மர் சட்டம் படித்தவன். புதுவருடத்தோடு வங்கியின் முகாமையாளராகப் பதவியேற்க இருக்கிறான். மனைவியை வானம்பாடி, அணிற்பிள்ளை என்றெல்லாம் செல்லமாக அழைக்கிறான். வீட்டிலே நத்தார் மரம் வந்து இறங்குகிறது. எல்லாம் நன்றாகவே இருப்பதுபோலத் தெரிகிறது.

திருமணமான புதிதில் ஹெல்மர் ஓயாது உழைத்துக் கடும் நோய்வாய்ப்பட்டான். வெப்பமான தென்தேசத்துக்குக் கொண்டு போகாவிட்டால் உயிர் தப்பாது என்று வைத்தியர்கள் நோராவிடம் மட்டும் இரகசியமாகச் சொன்னார்கள். கடன் என்ற சொல்லையே வெறுப்பவன் ஹெல்மர். ஆகவே அவனுக்குத் தெரியாமல் குரோக்ஸ்டாட் என்பவனிடம் 1,200 நோர்வே வெள்ளிக்காசுகளை, அதாவது 4,800 குரோணர்களை, நோரா கடனாகப் பெற்றாள். குடும்பம் ஒரு வருடம் இத்தாலியில் தங்கியது. ஹெல்மர் சுகமானான். பணம் மாமனார் தந்தது என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான். நோராவோ வீட்டுச் செலவிலே மிச்சம் பிடித்தும், இரவிலே கதவைப் பூட்டிக்கொண்டு படியெடுக்கும் வேலை செய்தும், கடனைத் தவணை தவணையாக அடைத்து வருகிறாள்.

அந்தக் கடன்பத்திரத்துக்குப் பிணையாளியாக நோராவின் தந்தை ஒப்பமிட வேண்டும் என்பது நிபந்தனை. தந்தை மரணப் படுக்கையில் கிடந்தார். அந்த நிலையில் அவரை வருத்த விரும்பாமல் நோராவே அவருடைய பெயரை எழுதிவிட்டாள். தந்தை இறந்தது செப்டெம்பர் 29. பத்திரத்தில் அவருடைய கையெழுத்தின் கீழே இருக்கும் திகதியோ ஒக்ரோபர் 2. இறந்தவர் மூன்று நாள் கழித்து எப்படிக் கையெழுத்திட்டார் என்று குரோக்ஸ்டாட் கேட்கும் இடத்தில்தான் நாடகம் உண்மையில் தொடங்குகிறது எனலாம்.

விஷயம் தெரிய வந்ததும் ஹெல்மர் அவளைப் பொய்க்காரி என்றும் குற்றவாளி என்றும் திட்டுகிறான். இனிமேல் பிள்ளைகளை வளர்க்க நீ தகுதியற்றவள், ஆனால் ஊருக்காக இந்த வீட்டில் இருந்துகொள் என்கிறான். சற்று நேரத்தில் குரோக்ஸ்டாட் மனம்மாறிப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். தான் தப்பிவிட்டதாக ஹெல்மர் மகிழ்கிறான். உன்னை மன்னித்துவிட்டேன் என்கிறான். நோரா நடன உடையைக் களைந்து சாதாரண உடையோடு வந்து, அவனை மேசையின் எதிரே இருத்தி, எட்டு வருடத்தில் முதன்முறையாகப் பேசுகிறாள். பிறகு மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

மணமானதால் இழந்த ஒப்பம்

ஒரு பெண் தன் சொந்தப் பெயரிலே கடன் வாங்கிவிட்டால் கள்ளக் கையெழுத்துக்குத் தேவை இராதே என்று இன்றைய வாசகி கேட்கக்கூடும். அக்கால நோர்வேயில் அது இயலாத காரியம். 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 25 வயதான, மணமாகாத பெண் தன் காரியங்களைத் தானே பார்க்கும் முழு உரிமை பெற்றிருந்தாள். மணம் முடித்த அன்றே அந்த உரிமை கணவனின் கைக்குப் போனது. கணவனின் சம்மதமின்றி மனைவி கடன்பட முடியாது. நாடகத்திலே நோராவின் சிநேகிதி கிறிஸ்டீன் ஒரு விதவை. வறியவள், ஆனால் தன் பெயரிலே தானே ஒப்பமிடக்கூடியவள். செல்வாக்கான வீட்டிலே வாழும் நோராவால் அது முடியாது. இந்த வேறுபாட்டை இப்சன் இரு பெண்களுக்கிடையிலான சாதாரண உரையாடலாக முதல் அங்கத்திலேயே வைத்துவிடுகிறார்.

இதற்குப் பின்னால் உண்மையான ஒரு பெண்ணின் வாழ்க்கை இருந்தது. லோறா கீலர் 1849இல் பிறந்த எழுத்தாளர். இளவயதிலேயே இப்சனின் ‘பிராண்ட்’ நாடகத்துக்குத் தொடர்ச்சிபோல ஒரு நூல் எழுதி அவருடைய அறிமுகத்தைப் பெற்றவர். இப்சன் அவரை வானம்பாடி என்று அழைத்தார். அவருடைய கணவருக்குக் காசநோய் கண்டது. வெப்பமான நாட்டுக்குப் போகச் சொன்னார்கள். லோறா கணவருக்குத் தெரியாமல் கடன்பட்டு அவரை அழைத்துச் சென்றார். கணவர் தேறினார், கடன் வளர்ந்தது. 1878இல் அவசரமாக எழுதிய ஒரு கையெழுத்துப் பிரதியை இப்சனின் வீட்டுக்கு அனுப்பி, பதிப்பாளரிடம் பரிந்துரைக்கும்படி வேண்டினார். படைப்புத் தரமில்லை என்று இப்சன் மறுத்துவிட்டார். வேறு வழியறியாத லோறா பொய்ப் பத்திரம் ஒன்றைத் தயாரித்தார். அகப்பட்டார். கணவர் பிள்ளைகளைப் பிரித்தெடுத்தார். லோறா மனநோய் விடுதியிலே ஏறத்தாழ ஒரு மாதம் வைக்கப்பட்டார். பின்னர் பிள்ளைகளுக்காக அதே கணவரிடம் திரும்பி வந்தார்.

நாடகம் புகழ்பெற்றதும் ‘நோரா’ யார் என்பது பலருக்குத் தெரிந்துபோயிற்று. லோறா 1932 வரை வாழ்ந்து, தொடர்ந்து எழுதினார். ஆனால் இன்னொருவர் வைத்த பெயரைச் சாகும்வரை சுமந்தார். மேடை நோரா கதவைச் சாத்திவிட்டுப் போனாள். உண்மையான நோராவை வீட்டிலிருந்து கொண்டுபோனவர்களும் பிறரே; திரும்பி வரச் சொன்னவரும் கணவரே. இப்சனின் பெருமையைப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

இப்சன் இந்த விடயத்தில் வெறும் பார்வையாளராக மட்டும் இருந்தவரும் அல்லர். நாடகத்தை எழுதிய 1879இலேயே, உரோமாபுரியில் இருந்த ஸ்கண்டிநேவியர் சங்கத்திலே, நூலகர் பதவிக்குப் பெண்ணை நியமிக்கலாம் என்றும் பெண் அங்கத்தவர்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றும் பிரேரணை கொண்டுவந்தார். முதலாவது நிறைவேறியது. இரண்டாவது மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றது, அவர் கொதித்துப்போனார். 1884இல் மணமான பெண்களுக்குத் தனிச்சொத்துரிமை கோரிய மனுவிலே பியோர்ன்சன், லீ, கீலண்ட் ஆகிய எழுத்தாளர்களோடு சேர்ந்து ஒப்பமிட்டார். 1888இல் நோர்வே மணமான பெண்ணை முழு உரிமையுள்ள ஆளாகச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. நோரா மேடையேறி ஒன்பது ஆண்டுகளின் பின்னர் அவளைப் போன்ற ஒருத்தி தன் பெயரிலேயே கடன் வாங்கலாம் என்றாயிற்று. இருந்தும் 1898இல் நோர்வேப் பெண்கள் உரிமைச் சங்கம் அளித்த விருந்திலே, தான் பெண்ணுரிமைக்காக எழுதவில்லை, மனிதரைப் பற்றியே எழுதினேன் என்ற கருத்துப்படவே இப்சன் பேசினார்.

முடிவை மாற்ற முயன்றவர்கள்

நோரா போய்விடுவதைப் பலராலே தாங்க முடியவில்லை. ஜேர்மனியிலே புகழ்பெற்ற நடிகை ஹெட்விக் நீமன் ராபே, நான் என் பிள்ளைகளை ஒருபோதும் விட்டுப் போகமாட்டேன், ஆகவே இந்த முடிவை நடிக்கமாட்டேன் என்று மறுத்தார். அக்காலத்தில் ஜேர்மனியில் இப்சனின் படைப்புக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எப்படியும் மாற்றலாம். வேறொருவர் வெட்டிக் கொத்துவதைவிட நானே செய்துவிடுகிறேன் என்று இப்சன் மாற்று முடிவொன்றை எழுதிக் கொடுத்தார். அதிலே ஹெல்மர் அவளைப் பிள்ளைகள் தூங்கும் அறைவாசலுக்கு இழுத்துச் செல்கிறான். அவர்களைக் கண்டதும் அவள் தளர்ந்து விழுகிறாள். போகவில்லை. இதை நாடகத்துக்கு இழைத்த காட்டுமிராண்டித்தனம் என்று இப்சனே பகிரங்கமாக எழுதினார். மாற்று முடிவு நெடுநாள் நிலைக்கவில்லை.

இங்கிலாந்திலே 1884இல் ‘வண்ணத்துப்பூச்சியை முறித்தல்’ என்ற பெயரில் ஒரு தழுவல் வந்தது. அதிலும் மனைவி வீட்டிலேயே இருந்துவிட்டாள். 1886 ஜனவரியிலே கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர் தமது இலண்டன் இருப்பிடத்தில் நண்பர்களைக் கூட்டி உண்மையான பிரதியை வாசிக்கச் செய்தார். நோராவாக அவரே வாசித்தார். குரோக்ஸ்டாட்டாக வாசித்தவர் பேர்னாட் ஷோ. 1889 ஜூன் 7ஆம் திகதி ஜனற் ஏச்சேர்ச் என்ற நடிகை நொவெல்ரி அரங்கிலே நோராவாகத் தோன்றியபோதே இலண்டன் பொதுமக்கள் அந்தக் கதவோசையைக் கேட்டார்கள்.

யப்பானிலே 1911இல் மட்சுயி சுமாகோ நோராவாக நடித்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பெண்களே நடத்திய ‘செய்தோ’ என்ற சஞ்சிகை நோராவுக்கென ஒரு பகுதியை ஒதுக்கி விவாதித்தது. சீனாவிலே 1918இல் ‘புதிய இளைஞர்’ சஞ்சிகை இப்சனுக்குத் தனி இதழே வெளியிட்டது.

சீனத்து நிகழ்ச்சி ஒன்று எம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் நெருக்கமானது. 1923 டிசெம்பர் 26ஆம் திகதி, பீக்கிங் நகரின் பெண்கள் உயர் ஆசிரியர் கல்லூரியிலே எழுத்தாளர் லூ சுன் மாணவிகளுக்கு ஓர் உரை நிகழ்த்தினார். நோரா வீட்டை விட்டுப் போன பிறகு என்ன நடந்தது என்பதே தலைப்பு. மாணவிகள் கைதட்டக் காத்திருந்திருப்பார்கள். அவர் சொன்னதோ கசப்பானது. கையிலே காசில்லாத நோராவுக்கு இரண்டு வழிதான் உண்டு: சீரழிவது அல்லது திரும்பி வருவது. விழித்த மனம் மட்டும் போதாது, கைப்பையில் பணம் வேண்டும். குடும்பத்துக்குள்ளே சொத்திலும் வருவாயிலும் பெண்ணுக்கு நியாயமான பங்கு வேண்டும் என்பதே அவருடைய வாதம். பெண்கள் கல்லூரி ஒன்றின் மண்டபத்தில் நோராவைப் பற்றிச் சொல்லப்பட்ட வார்த்தைகளில் இவ்வளவு பயனுள்ளவை வேறில்லை என்பது என் எண்ணம்.

மேடையைப் படம்பிடித்தல்

எமது காலத்து யாழ்ப்பாணத்திலே உலக நாடகங்களைப் பார்க்கும் வாய்ப்பு எங்கே இருந்தது? 90களின் முற்பகுதியில் எமக்கு மின்சாரமே இல்லை. பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில், கண்மையால் மீசை கீறிய அரசர்களையும் வணிகர்களையும்தான் பார்த்து வளர்ந்தோம். பெண்கள் கல்லூரியின் மேடையிலே கணவனும் பெண்தான், மனைவியும் பெண்தான். மேடைக்கு நேரே தரையில் இருந்து பார்த்தவர்களுக்கு மேடையின் வாசனை தெரியும். அது படத்தில் வராது. ஆனால் அந்த அரங்குக்குப் போகக் கிடைக்காதவர்களுக்குப் படம் ஒரு கொடை.

‘பொம்மை வீடு’ ஊமைப்பட காலத்திலிருந்தே படமாகி வந்திருக்கிறது. 1922இல் அல்லா நசிமோவா நடித்த படம் இன்று கிடைப்பதில்லை. 1973ஆம் ஆண்டில் ஒன்றல்ல, இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் ஜேன் பொன்டா. நோர்வேயின் றோரொஸ் என்ற பழைய சுரங்க நகரத்துப் பனியிலே எடுத்தார்கள். நோராவும் சிநேகிதியும் கன்னியராகப் பனிச்சறுக்கு விளையாடும் காட்சியோடு அது தொடங்குகிறது. மற்றது கிளெயர் புளூம் நடித்தது. அவர் நியூயோர்க்கிலும் இலண்டனிலும் மேடையில் நடித்த அதே பிரதியை, மேடையில் நெறிப்படுத்திய பற்றிக் காலண்டே படமாக்கினார். ஹெல்மராக வந்தவர் அன்ரனி ஹொப்கின்ஸ். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். வெளியிலே பனியும் தெருவும் காட்டப்பட்டால் கண்ணுக்கு அழகு. ஆனால் நோராவுக்கு மூச்சு முட்டுவது எமக்குத் தெரியாது போகிறது. மூன்று அங்கமும் ஒரே வீட்டுக்குள் நடப்பதை இப்சன் வேண்டுமென்றே செய்தார். 1993இல் ஈரானிய இயக்குநர் தாரியூஷ் மெஹ்ர்ஜூயி ‘சாரா’ என்ற பெயரில் இக்கதையைத் தெஹ்ரானுக்குக் கொண்டுபோனார். அதிலே கணவனின் சிகிச்சைக்குப் பட்ட கடனை மனைவி இரவிரவாகத் தையல் வேலை செய்து அடைக்கிறாள். ஊசியும் நூலுமாகக் கண்பார்வை கெடும் அந்தப் பெண்ணைப் பார்க்கையில் எம்மூர் அம்மாமார் பலர் நினைவுக்கு வருவார்கள்.

யங் விக் மேடையேற்றம் 2012ஆம் ஆண்டுக்குரியது. நெறியாளர் காரி கிராக்னெல். பிரதியைப் புதிய ஆங்கிலத்தில் எழுதியவர் சைமன் ஸ்ரீபன்ஸ். நோராவாக ஹற்றி மொராகன், ஹெல்மராக டொமினிக் றோவன். பின்னர் அது இலண்டனின் டியூக் ஒவ் யோர்க் அரங்குக்கும் நியூயோர்க்கின் புறூக்ளினுக்கும் போனது. டிஜிற்றல் தியேட்டர் நிறுவனம் அதனைப் படம்பிடித்தது.

இயன் மக்னீல் அமைத்த மேடை ஒரு முழு வீடு. விறாந்தையும் அறைகளும் கதவுகளும் கொண்ட அந்த வீடு மெல்லச் சுழலும். சுழலும்போது சுவர்களுக்கு இடையால் நோரா அறை அறையாகப் போய்க்கொண்டிருப்பாள். பொதுவாக ஒரே வரவேற்பறையைக் காட்டும் நாடகம் இங்கே வீட்டின் எல்லாப் பக்கத்தையும் காட்டுகிறது. அந்த வீட்டிலே அவளுக்கென்று ஓர் அறை இல்லை என்பது அப்போதுதான் கண்ணிற்படும். கணவனுக்கு வாசிப்பறை உண்டு, அதன் கதவு அவன் விருப்பப்படி திறக்கும், மூடும். தபாற்பெட்டிக்குத் திறப்பு இருப்பதும் அவனிடம் மட்டுமே. குரோக்ஸ்டாட்டின் கடிதம் அந்தப் பெட்டிக்குள் கிடக்கும்போது கண்ணாடியூடாகப் பார்க்கலாம். அவளால் எடுக்க முடியாது.

தரந்தெல்லா நடனக் காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவன் கடிதத்தை எடுக்கப் போகாமல் தடுப்பதற்காக அவள் ஆடுகிறாள். 1879இல் முதல் நோராவாக நடித்த பெற்றி ஹென்னிங்ஸ் நடனம் பயின்றவர். ஆகவே அக்காலத்தில் அந்த ஆட்டம் இரசிக்கப்பட்ட ஒன்று. மொராகனின் ஆட்டத்தில் இரசிக்க ஒன்றுமில்லை. அது ஓர் உடம்பின் பதற்றம். கமரா அருகே போகும்போது சிரிக்கும் வாய்க்கு மேலே பயந்த கண்கள் தெரிகின்றன. அரங்கிலே பின்வரிசையில் இருப்பவருக்கு இது கிடைத்திராது. இறுதி உரையாடலின்போது கமரா இருவரின் முகத்தையும் மாறி மாறிக் காட்டுகிறது. அங்கே எம்மைத் தாக்குவது ஹெல்மரின் கொடுமை அல்ல, அவனுடைய திகைப்பு. தான் என்ன பிழை செய்தான் என்று அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

வைத்தியர் ராங்க்

நாடகத்திலே ஒரு வைத்தியர் வருவதால் அவரைப் பற்றிச் சொல்லாமல் விட என்னால் முடியாது. குடும்ப நண்பரான ராங்க் முள்ளந்தண்டு நோயால் செத்துக்கொண்டிருப்பவர். தகப்பனின் கட்டற்ற வாழ்க்கைக்குத் தான் விலை கொடுக்கிறேன் என்கிறார். நோயின் பெயர் சொல்லப்படுவதில்லை. அக்காலத்துப் பார்வையாளர் மேகநோய் என்றே விளங்கிக்கொண்டார்கள். அந்தக் கிருமி கண்டறியப்பட்டது 1905இல். இரத்தப் பரிசோதனை வந்தது இப்சன் இறந்த 1906இல். பிறவியிலேயே வரும் மேகநோய் தகப்பனிடமிருந்து நேராகப் பிள்ளைக்குப் போவதில்லை. தாய்க்குத் தொற்றி, தாயின் வயிற்றிலே பிள்ளைக்குத் தொற்றுகிறது. ராங்க் தகப்பனைப் பற்றிப் பேசுகிறார், தன்னைப் பற்றிப் பேசுகிறார். இடையிலே நோயைச் சுமந்திருக்கவேண்டிய தாயைப் பற்றி மேடையில் ஒரு சொல் கூட இல்லை. அந்த மௌனத்தை ஒரு வைத்தியரின் காது கேட்காமல் இருக்காது.

ஹெல்மரின் உயிராபத்தை அவனிடம் மறைத்து மனைவியிடம் மட்டும் சொன்னவர்களும் வைத்தியர்களே. முழுப் பொறுப்பையும் ஒருத்தியின் தலையில் வைத்தார்கள்; அதை நிறைவேற்றும் உரிமையைச் சட்டம் அவளுக்குத் தரவில்லை. நோராவின் குற்றம் பிறந்தது இந்த இடைவெளியில்தான். இன்றைய வாட்டுகளிலே நிலைமை மறுபக்கமாக இருப்பதைக் காண்கிறேன். சத்திரசிகிச்சைக்கான சம்மதப் பத்திரத்தை நீட்டினால், படித்த, உழைக்கும் பெண்கள்கூட, “அவர் வரட்டும் டொக்ரர்” என்று பேனையைக் கீழே வைக்கிறார்கள். கணவரோடு கலந்து பேசுவது நல்லதே. ஆனால் தன்னுடைய உடம்புக்குத் தான் வைக்கும் ஒப்பம் போதும் என்பதை அவர்களில் பலருக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை. அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்கிச் சொல்வது வைத்தியத்தின் ஒரு பகுதி என்றே இப்போது கருதுகிறேன்.

எமது தேசவழமையில்

நோர்வேச் சட்டத்தை வாசிக்கும்போது யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குப் பழகிய வாசனை ஒன்று வரும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த தேசவழமையிலே முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து பகுக்கப்பட்டிருக்கிறது. மகளுக்குக் காணியும் வீடும் சீதனமாக அவள் பெயரிலேயே எழுதப்படும். சொத்துடைமையைப் பொறுத்தவரை நோராவைவிட எமது பூட்டிமார் மேலான நிலையில் இருந்தார்கள் என்று சொல்லலாம்.

ஆனால் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன்னுடைய காணியை விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடையாக எழுதவோ கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்கிறது. கணவனின் முதுசத்துக்கு மனைவியின் ஒப்பம் கேட்கப்படுவதில்லை. இலங்கையின் பொதுச்சட்டத்திலும் முன்னர் இத்தகைய விதி இருந்தது. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துக் கட்டளைச் சட்டம் அதை நீக்கியது; தேசவழமைக்கு உட்பட்டோருக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. பீக்கிங் மாணவிகள் லூ சுன்னின் உரையைக் கேட்ட அதே ஆண்டு அது. எமது சங்கத்தின் வயதும் ஏறக்குறைய அதுதான்.

கணவன் கைவிட்டுப் போயிருந்தால், நியாயமின்றி மறுத்தால், அல்லது அவன் இருக்கும் இடம் தெரியாதிருந்தால், மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அவனுடைய சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றின் அனுமதியைப் பெறலாம் என்றும் 1911ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்கிறது. இருப்பிடம் தெரியாத கணவன் என்ற சொற்றொடரை எழுதியவர்கள் எதை நினைத்து எழுதினார்களோ அறியேன். எமது தலைமுறைக்கு அச்சொற்களின் பொருள் வேறு. எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களிலும் கணவர் எங்கே என்று தெரியாமல் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். தாய் தந்த காணித்துண்டை ஈடு வைத்து மகளைப் படிப்பிக்க நினைத்தால், அந்தப் பெண் முதலில் நீதிமன்றப் படியேறி, அவர் காணாமற்போன கதையை இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. நோரா செய்ததுபோல அவள் வேறொருவர் பெயரை எழுதவில்லை. தன் பெயரை எழுதுவதற்கே அனுமதி கேட்டு நிற்கிறாள்.

எமது சங்கத்தில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், நொத்தாரிசுகள் இருக்கிறார்கள், வங்கியிலே உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் கிளைகள் உண்டு. நூற்றாண்டு விழாவிலே கட்டடத்துக்கும் புலமைப்பரிசிலுக்கும் நிதி சேர்க்கிறோம், அது வேண்டியதே. அதனோடு, கணவரில்லாத எமது சகமாணவிகளுக்கு இந்த நீதிமன்ற விண்ணப்பங்களைச் செலவின்றிச் செய்து கொடுக்கும் ஒரு சிறு குழுவையும் அமைக்கலாம் என்பது என் வேண்டுகோள். இந்த விதியை மாற்றக் கோரும் மனுவொன்று வந்தால், 1884இல் நான்கு எழுத்தாளர்கள் செய்ததுபோல, அதிலே எமது ஒப்பங்களும் இருக்கட்டும்.

யங் விக் பதிவை இணையத்திலே கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். கிளைகளின் ஒன்றுகூடலில் சேர்ந்து பார்ப்பதாயின் அதற்குரிய அனுமதியைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். மகளோடும் மருமகளோடும் இருந்து பார்க்க ஏற்றது, கணவரையும் கூப்பிடுங்கள். பார்த்து முடித்தபின் அலுமாரியில் இருக்கும் உறுதியை ஒருமுறை எடுத்து, அதில் யார் யார் ஒப்பமிட்டிருக்கிறார்கள் என்று வாசித்துப் பாருங்கள்.